அடுத்தவர் நீரில் தூண்டில்

தூண்டில் போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு கட்டத்தில் சொந்த ஊர்க் குளம் போதாமல் போகிறது. எந்த மதகடியில் விரால் கிடக்கும், எந்தப் படித்துறையில் கெளுத்தி கடிக்கும் என்பதெல்லாம் மனப்பாடமான பிறகு கால் அரிக்கத் தொடங்குகிறது. மேட்டூரில் போட்டுப் பார்த்தால் என்ன, பாம்பனில் நின்று பார்த்தால் என்ன, கையில் காசிருந்தால் அந்தமானுக்கே போனால்தான் என்ன? யூடியூபில் பார்த்த இடங்களின் பட்டியலைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு சனி ஞாயிறுகளில் ஊர் ஊராக அலையும் இளைஞர்கள் இன்று கோவையிலும் சென்னையிலும் நிறைய. மடித்து வைக்கும் தூண்டில் கம்பு, ரீல், பிளாஸ்டிக் இரை என்று அதற்கென்றே கடைகளும் வந்துவிட்டன.

இந்தப் பயணங்களைப் பற்றி இரண்டு வகைப் பேச்சுதான் காதில் விழுகிறது. ஒன்று, பெரிய மீனைத் தூக்கிப் பிடித்த படத்தோடு வரும் பரவசம். மற்றொன்று, பொழுதுபோக்குக்காக ஓர் உயிரை முள்ளில் மாட்டி இழுப்பதா என்ற கண்டனம். இரண்டும் மீனையும் ஆளையும் பார்க்கின்றன. நடுவில் கிடக்கும் நீர் யாருடையது, அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்பதில்லை. நான் பார்த்த அளவிலும் படித்த அளவிலும், பயணம் இனித்ததா கசந்ததா என்பதை அந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது. பொறுப்பாள் இருக்கிற நீரில் ஒன்றும் கடிக்காத நாள்கூட நன்றாகவே கழிகிறது. கேட்பாரற்ற நீரில் பை நிறைந்தாலும் ஏதோ உறுத்துகிறது. காவிரி, நீலகிரி, சென்னைக் கழிமுகங்கள், அந்தமான், வெளிநாட்டு நகரங்கள் சில என்று வெவ்வேறு நீர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

ஊரின் பின்வாசல்

முதலில் இன்பம். சுற்றுலாப் பயணிக்கு ஒரு நகரம் காலை பத்து மணிக்குத்தான் திறக்கிறது. தூண்டில்காரருக்கு இருட்டிலேயே திறந்துவிடும். இரை வேண்டும், இரைக்கு மீன் இறங்கும் இடத்துக்குப் போக வேண்டும். சென்னைக்கு வந்து மெரினாவை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் காசிமேட்டின் விடியற்கால ஏலத்தைப் பார்த்திருக்க மாட்டார். கூடைக்குக் கூடை விலை மாறும் வேகம், ஐஸ் உடைக்கும் சத்தம், தலைச்சுமைக்காரர்கள் வழி கேட்டுப் போடும் கூச்சல் எல்லாம் இறால் வாங்கப் போனவனுக்கு இலவசம். அடையாற்று முகத்துவாரத்தில் 1977-இல் இடிந்து பாதியில் நிற்கும் உடைந்த பாலத்தைக் காதலர்களும் சினிமாக்காரர்களும் கண்டுபிடிப்பதற்கு முன்பே தூண்டில்காரர்கள் கண்டுபிடித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒரு நகரம் தன் கழிவை, படகை, மீனை எந்தப் பக்கம் வைத்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இஸ்தான்புல்லின் கலாத்தா பாலம் இதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம். இப்போதுள்ள பாலம் 1990-களில் கட்டியது. மேல்தளத்தில் டிராம் ஓடுகிறது, கைப்பிடிச் சுவர் நெடுகத் தூண்டில்கள் சாய்ந்து நிற்கின்றன. கீழ்த்தளம் முழுக்க உணவகங்கள். சாப்பிடுகிறவர்களின் கண் முன்னே நரம்புகள் தொங்குகின்றன. அவ்வப்போது ஒரு கொத்து மீன் துள்ளியபடி மேலே போகிறது. ஒரே நரம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன முள் கட்டி இறக்குவார்கள். கிடைப்பது பெரும்பாலும் விரல் நீள இஸ்தாவ்ரித், நம் பாரையின் குடும்பத்தைச் சேர்ந்த பொடி மீன். ஓய்வு பெற்றவர், வேலை தேடுகிறவர், இரவுப் பணி முடிந்து வந்தவர் எல்லோரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். மொழி தெரியாத வெளியூர்க்காரருக்கும் கொஞ்சம் இடம் விடுவார்கள். அருங்காட்சியகத்தில் நாள் முழுக்கச் சுற்றினாலும் இந்த நெருக்கம் கிடைக்காது.

சிங்கப்பூரில் அதே வேலை வேறு ஒழுங்கில் நடக்கிறது. நீர்த்தேக்கங்களில் இன்ன இடத்தில்தான் தூண்டில் போடலாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள்; குடிநீர் என்பதால் உயிருள்ள இரைக்கும் மாவு இரைக்கும் அனுமதி கிடையாது, செயற்கை இரை மட்டும்தான். கடலுக்கு பெடோக் படகுத்துறை போன்ற இடங்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லோரும் இரவெல்லாம் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். டோக்கியோவில் இச்சிகாயா ரயில் நிலையத்தை ஒட்டியே மணிக்கணக்குக் கட்டணத்தில் கெண்டை பிடிக்கும் குட்டை ஒன்று இருக்கிறது. அலுவலகத்தவர் ரயிலுக்கு முன் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டுப் போகிறார். குட்டையில் விட்டு வைத்த மீனைப் பிடிப்பதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். அவருக்கு வேண்டியது மீன் இல்லையே.

புதிய நீரைப் படிப்பதில் இருக்கும் சுகத்தைத் தூண்டில் பிடிக்காதவர்களுக்கு விளக்குவது கடினம். ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது, காற்று எந்தப் பக்கம், நுரை எங்கே சேர்கிறது, குஞ்சு மீன் எங்கே சிதறுகிறது என்று கவனிக்கக் கவனிக்க ஒரு வெறும் நீர்ப்பரப்புக்கு மேடும் பள்ளமும் முளைக்கின்றன. சொந்தக் குளத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடலாம்; அங்கே இந்தக் கவனம் எப்போதோ மழுங்கிப் போயிருக்கும்.

வெளியூர்க்காரரின் கஷ்டங்கள்

கஷ்டங்களில் முதலாவது யாரும் படத்தோடு போடாத ஒன்று: வெளியூர்க்காரருக்குப் பெரும்பாலும் மீன் கிடைப்பதில்லை. பக்கத்தில் ஒரு பையன் தங்கூசி நரம்பைப் பழைய பாட்டிலில் சுற்றி வைத்துக்கொண்டு வரிசையாகத் தூக்கிக்கொண்டிருப்பான். பல்லாயிரம் ரூபாய் ரீல் வைத்திருப்பவர் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அவனுக்கு அந்தக் கல்லும் அந்த நேரமும் தெரியும். ஒரு சனி ஞாயிறில் அது கைவராது.

பருவம் அடுத்த தொல்லை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கன்னியாகுமரியின் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கரையிலிருந்து போடும் தூண்டிலுக்கு இது பொருந்தாது. ஆனால் பள்ளி விடுமுறையில் படகேறி ஆழ்கடலுக்குப் போகலாம் என்று திட்டமிட்டு வருகிறவர், துறைமுகத்தில் படகுகளெல்லாம் கட்டிக் கிடப்பதைப் பார்த்துத் திகைப்பார். கிழக்குக் கரையில் அக்டோபர், நவம்பர் வந்தால் வடகிழக்குப் பருவமழை, கடல் கலங்கிவிடும். இமாச்சலத்தில் நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி முடிய ட்ரவுட் மீன் பிடிக்கக் கூடாது. அவை முட்டையிடும் காலம் அது. காஷ்மீரில் வேறு வகைச் சிக்கலும் உண்டு. ட்ரவுட் பிடிக்கப் போகும் லிட்டர் ஆறு பஹல்காம் வழியாகத்தான் ஓடுகிறது. 2025 ஏப்ரலில் அங்கே நடந்த தாக்குதலுக்குப் பிறகு பள்ளத்தாக்கின் பல சுற்றுலா இடங்களை மூடினார்கள். மாதக்கணக்கில் சேர்த்த விடுமுறையும் முன்பணமும் ஒரு நாளில் பொருளற்றுப் போகும் பயணம் இது.

சாமான் ஒரு தலைவலி. விமான நிலையத்தில் முள்ளைக் கைப்பையில் வைத்திருந்தால் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும். நீளக் கம்பு உடையாமல் வந்து சேர்வது அதிர்ஷ்டம். மீன் கிடைத்துவிட்டாலோ புதுப் பிரச்சினை. விடுதி அறையில் சமைக்க முடியாது, குளிர்பெட்டி கிடையாது. ஐஸ் பெட்டியோடு பேருந்து ஏறினால் நடத்துனர் முகம் சுளிப்பார். மீன் வாடைக்கு நம் சமூகம் காட்டும் முகச்சுளிப்பு யாரைச் சுடுகிறது என்பது 2021 டிசம்பரில் குளச்சலில் தெரிந்தது: மீன் விற்றுவிட்டு வந்த மூதாட்டி ஒருவரை வாடை அடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள், ஊரே கொதித்தது. வாரயிறுதித் தூண்டில்காரர் சொந்தக் காரில் பெட்டியை வைத்துக்கொண்டு போய்விடலாம். அந்த அம்மாவுக்கு அந்த வழி இல்லை.

நகரத்து நீரில் பிடித்ததைத் தின்னலாமா என்பது இன்னும் பெரிய கேள்வி. எண்ணூர்க் கழிமுகத்தில் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பரவியதில் மீனவர்களின் வலையும் படகும் கருத்துப்போயின. அதற்கு முன்பு 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்ததும் அந்தக் கடலில்தான். கூவமும் அடையாறும் கடலில் சேரும் இடங்களில் மடவை கிடைக்கத்தான் செய்கிறது. பிடிக்கிற சுகத்துக்கு அங்கே போடலாம். வீட்டுக்குக் கொண்டுபோவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

காவிரியின் கணக்கு

இந்தியாவில் வெளியூர்த் தூண்டில்காரர்கள் ஓர் ஆற்றுக்கு என்ன செய்வார்கள் என்பதற்கு நல்லதும் கெட்டதுமாக முழு வரலாறு இருப்பது காவிரியில்தான். எனவே அங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மதராஸ் மாகாண ஆட்சிப்பணியில் இருந்த எச். எஸ். தாமஸ் 1873-இல் மங்களூரில் அச்சிட்ட தூண்டில் நூல்தான் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தென்னிந்திய ஆறுகளைக் காட்டிக் கொடுத்தது. அவர்கள் தேடி வந்தது மகசீர் மீனை. கெண்டை இனம், பெரிய செதில், பாறையிடுக்கு வேகநீரில் வளர்வது, முள் தைத்ததும் ஓடுகிற ஓட்டத்துக்குப் பேர்போனது. மைசூரில் வேட்டை விலங்குகளைப் பாடம் செய்யும் தொழிலில் இருந்த வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1946-இல் கபினியில் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடையுள்ள மகசீரைப் பிடித்தார். அது இன்றும் தூண்டில்காரர்கள் சொல்லிக்கொள்ளும் சாதனை.

வெள்ளைக்காரர்கள் போன பிறகு அந்த மீன் காவிரியில் தீர்ந்துவிட்டது என்றே வெளியுலகம் நினைத்திருந்தது. 1970-களின் கடைசியில் பிரிட்டனிலிருந்து வந்த மூன்று இளைஞர்கள் மீண்டும் பெரிய மீன்களைப் பிடித்துக் காட்டினார்கள். பிறகு கூட்டம் வந்தது. கர்நாடகப் பக்கத்தில் பீமேஸ்வரி, கலிபோர், தொட்டமாக்கலி ஆகிய இடங்களில் தங்கும் முகாம்கள் முளைத்தன. களி உருண்டையை முள்ளில் பொதிந்து வேகநீரில் விட்டுப் பாறைமேல் காத்திருப்பது அங்கத்திய முறை. பிடித்ததை எடை போட்டு, படம் எடுத்து, ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும்.

அந்த முகாம்களின் சிறந்த பயன் வந்து போனவர்களின் பரவசத்தில் இல்லை. வெடி வைத்து மீன் பிடிக்கும் பழக்கம் அந்த ஆற்றில் பரவலாக இருந்தது. ஒரு வெடிக்கு மடுவில் இருக்கும் குஞ்சும் குழந்தையும் மிதந்துவிடும். முகாம்கள் வந்ததும் உள்ளூர்க்காரர்கள் பலருக்கு வழிகாட்டி வேலை கிடைத்தது. முன்பு வெடி வைத்த கைகள் சிலவும் அதில் சேர்ந்தன. பெரிய மீன் உயிரோடு இருப்பதில் அவர்களுக்கு வருமானம் இருந்ததால் காவலும் இருந்தது. வனத்துறையால் இரவு பகலாகப் பார்த்துக்கொள்ள முடியாத மைல்கணக்கான ஆற்றை, தூண்டில்காரரின் காசு பார்த்துக்கொண்டது.

இதோடு கதையை முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் அதே மீன்பிரியர்களின் ஆர்வம்தான் வேறொரு கேட்டுக்கும் துணை போனது. காவிரிக்கே உரியது திமில் மகசீர்: முதுகு புடைத்து, துடுப்பு செம்மஞ்சளாக இருக்கும். பழைய சாதனைகள் எல்லாம் அதனுடையவை. மீன் குறைகிறது என்று கவலைப்பட்டு, மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகளை 1970-களிலிருந்து காவிரியில் விட்டார்கள். நல்லெண்ணம்தான். அப்போது எல்லா மகசீரும் ஒன்றுதான் என்ற நினைப்பு. வந்த குஞ்சுகள் பெருகின. திமில் மீன் மறையத் தொடங்கியது.

இது வெளிச்சத்துக்கு வந்த விதம் விசித்திரமானது. கலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் எழுதி வைத்த பிடிப்புக் குறிப்பேடுகளை எடுத்து ஏட்ரியன் பிண்டரும் ராஜீவ் ராகவனும் மற்ற ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். கிடைக்கும் மீன்களின் எண்ணிக்கை கூடியிருந்தது, சராசரி எடை குறைந்திருந்தது, திமில் மகசீர் ஏறக்குறைய காணாமலே போயிருந்தது. வெறுமனே எண்ணிக்கையைப் பார்த்தவருக்கு ஆறு செழிக்கிறது என்றே தோன்றியிருக்கும். அந்த மீனுக்கு அறிவியல் பெயர்கூட நிச்சயமாகாமல் இருந்தது. கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த மீனை வைத்து 2007-இல் ‘டார் ரமாதேவி’ என்று பெயரிட்டிருந்த இனமும் இதுவும் ஒன்றே என்று 2018-இல்தான் உறுதியானது. அதே ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களில் சேர்த்தது. பாம்பாறு அமராவதியில் சேர்ந்து காவிரிக்கு வரும் நீர். மோயாற்றிலும் இந்த மீன் மிச்சமிருக்கிறது. பவானிசாகருக்குப் போய்வரும் நம் ஊர்த் தூண்டில்காரர்களில் எத்தனை பேர் தாங்கள் நிற்கும் அணைக்கு மேலே அந்த மீன் இருக்கிறது என்று அறிவார்களோ.

இதற்கிடையில் முகாம்களில் தூண்டில் நின்றுபோனது. அவை காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருந்தன. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வேட்டைதான், விட்டுவிட்டாலும் வேட்டைதான் என்ற வாதம் வலுத்து 2010-களின் தொடக்கத்தில் கதவை மூடினார்கள். தூண்டில்காரர்கள் இன்றும் ஆதங்கப்படுகிறார்கள்: நாங்கள் போனதும் வெடி திரும்பி வந்தது என்கிறார்கள். எனக்கு இதில் இரண்டு பக்கமும் முழுக்கச் சரியாகத் தெரியவில்லை. சரணாலயத்துக்குள் காசு உள்ளவருக்கு மட்டும் மீனோடு விளையாட அனுமதி, கரையோர மலைக்கிராமத்தானுக்குக் குழம்புக்குப் பிடிக்க அனுமதி இல்லை என்பது நியாயமில்லை. அதே சமயம், ஆற்றில் நாள்தோறும் நின்று கணக்கெழுதியவர்களை வெளியேற்றிவிட்டு அந்த வேலைக்கு மாற்று ஏற்பாடு செய்யாததும் சரியில்லை. காவிரி நமக்குக் காட்டுவது என்னவென்றால், காவல் இருந்தால் மட்டும் போதாது, காவல்காரருக்குத் தான் காப்பது எந்த மீன் என்று தெரிந்திருக்கவும் வேண்டும்.

எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தால் ஒகேனக்கல். பரிசல், எண்ணெய்க் குளியல், வறுத்த மீன் என்று அது முழுக்க முழுக்க வேறு வகைச் சுற்றுலா. அங்கே வெளியூர்க்காரர் மீனைச் சந்திப்பது தட்டில். அதில் குறையொன்றும் இல்லை.

மலையில் சீட்டு வாங்கி

விதிகள் பயணத்தின் சுவையைக் கெடுக்கும் என்று நினைப்பவர்கள் ட்ரவுட் ஆறுகளுக்குப் போய்ப் பார்க்கலாம். ட்ரவுட் நம் நாட்டு மீன் கிடையாது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த முட்டைகள் 1900-இல் காஷ்மீரில் பொரித்தன. அங்கிருந்து 1909-இல் இமாச்சலத்துக்குப் போயின. நீலகிரியில் பிரான்சிஸ் டே 1860-களில் முயன்றது பலிக்கவில்லை. 1907 வாக்கில் எச். சி. வில்சன் வானவில் ட்ரவுட்டைக் கொண்டுவந்து அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வைத்தார். மூணாறில் தேயிலைத் தோட்டத்துரைகள் தங்களுக்கென்று சங்கம் வைத்து நீரோடைகளில் விட்டார்கள். துரைமார் ஊர் ஞாபகத்துக்காகக் கொண்டுவந்த மீன் என்று சொல்லிவிடலாம்.

காஷ்மீரில் ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு துண்டுக்கு ஒரு நாளில் இத்தனை தூண்டில்தான். சீட்டில் தேதியும் இடமும் இருக்கும். மீன்வளத் துறையின் காவலர் வந்து பார்ப்பார். இமாச்சலத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கிலும் நாள் சீட்டு வாங்கித்தான் இறங்க வேண்டும். கூட்டமில்லாத நீர், பக்கத்தில் யாரும் கல்லெறியாத அமைதி, கரையில் பிளாஸ்டிக் பை கிடக்காத மணல் எல்லாம் அந்தச் சீட்டின் விலையில் அடக்கம். விலையும் மலிவுதான். ஜெர்மனியில் இதைவிடக் கடுமை. பாடம் படித்து, தேர்வெழுதித் தேறினால்தான் தூண்டில் உரிமம். மீன் இனத்தை அடையாளம் காண்பது, வலிக்காமல் கொல்வது, எந்த மீனுக்கு எந்த மாதம் தடை என்பதெல்லாம் கேள்வியில் வரும். நம் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். காவிரியில் எந்த மகசீர் எது என்று தெரியாமல் போன கதைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீலகிரியில் இப்போது நிலைமை தெளிவாக இல்லை. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி அணைகளைச் சுற்றி மின்வாரியம், வனத்துறை, மீன்வளத்துறை என்று மூன்று வாசல்கள். ஒன்றில் அனுமதி கிடைத்தால் இன்னொன்றில் கிடைக்காது. மழையும் சேர்ந்துகொள்ளும்: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் கொட்டியது. ஊட்டிக்குத் தூண்டிலோடு போகிறவர் ரோஜாத் தோட்டத்துக்கும் தயாராகப் போவது நல்லது.

பலகை இல்லாத எல்லைகள்

கடற்கரையில் சீட்டு, காவலர், பலகை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வெளியூர்க்காரர் அதைப் பொதுச்சொத்து என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் மலை ஆற்றைவிட அங்கே எல்லைகள் நுணுக்கமானவை. பழவேற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பூநாரை பார்க்க வரும் கூட்டம் அதைத் திறந்த வெளியாகப் பார்க்கிறது. மீனவ ஊர்களுக்கோ அதில் ‘பாடு’ என்ற முறை தலைமுறைகளாக இருக்கிறது. இறால் ஓடும் முகத்துவாரத்துத் தடங்களில் இன்றைக்கு இன்ன ஊர், இன்னார் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவரிடமே தங்கிவிடாதபடி சுழற்சி. பாடு இல்லாதவர் அங்கே வலை வைத்தால் பஞ்சாயத்துதான். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இப்படியொரு ஏற்பாடு உண்டு. சட்டப்புத்தகத்தில் தேடினால் கிடைக்காத காவல் இது. இணையத்தில் தேடி வந்த தூண்டில்காரர், உள்ளூர் மீனவர் ஒருவரின் முறைநாளில் அந்த மீனவருடைய தடத்தில் போய் நின்றுவிட்டு, இந்த ஊர்க்காரர்கள் முரடர்கள் என்று எழுதிவிடுகிறார். கரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம், “ஐயா, இங்கே போடலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் டீயே வாங்கிக் கொடுத்திருப்பார்கள். நல்ல இடமும் காட்டியிருப்பார்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

பாம்பனில் எல்லை நீருக்கு அடியில் இருக்கிறது. பாலத்திலிருந்தும் கரையிலிருந்தும் உள்ளூர்க்காரர்கள் பாரையும் சீலாவும் பிடிப்பதைப் பார்த்து ஆசை வரும். எதிரே தெரியும் தீவுகளுக்குப் படகில் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் யோசிக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறையில் நங்கூரம் போட்டாலே சேதம். கடல் அட்டை, கடற்குதிரை போன்றவை வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. தெரியாமல் பையில் வைத்திருந்தாலும் வழக்கு வழக்குதான்.

அந்தமான் இன்றைய இந்தியத் தூண்டில்காரரின் கனவு. ஆளை இழுத்துக் கடலில் தள்ளும் அளவுக்குப் பெரிய பாரைகள், மேலே மிதக்கும் மர இரையை நீர் தெறிக்க அடிக்கும் காட்சி, கண்ணாடி நீர் எல்லாம் உண்மைதான். போர்ட் பிளேயரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தமிழில் பேசியே காரியம் முடித்துவிடலாம். அத்தனை தமிழர்கள் குடியிருக்கிறார்கள். செலவு பயங்கரம். ஒரு நாள் படகு வாடகையில் ஊரில் ஒரு மாதக் குடும்பச் செலவு ஓடிவிடும். சதுப்புக் கழிகளில் உவர்நீர் முதலை உண்டு. முழங்கால் நீரில் நின்று போடும் ஊர்ப்பழக்கம் அங்கே ஆபத்து. பழங்குடிகளுக்கென்று ஒதுக்கிய தீவுகளின் பக்கம் போகவே கூடாது. 2018 நவம்பரில் வட சென்டினல் தீவில் இறங்கிக் கொல்லப்பட்ட அமெரிக்கரைப் படகில் கொண்டுபோய் விட்ட மீனவர்கள் கைதானார்கள். வெளியூர்க்காரரின் ஆசைக்கு உள்ளூர்க்காரர் சிறை போவது அங்கே வெறும் பேச்சில்லை.

காவலும் போய், பிழைப்பும் போய், வேடிக்கை மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் தென்கரை இருக்கிறது. கொக்கல, அஹங்கம பகுதிகளில் கடலில் நட்ட ஒற்றைக் கம்பத்தின்மேல் உட்கார்ந்து தூண்டில் போடும் வழக்கம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வந்தது. இன்று பல கம்பங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் படம் எடுக்க வருபவர்களிடம் காசு வாங்கவே உட்கார்ந்திருக்கிறார்கள். மீன் கடிப்பதைவிடக் கேமரா வருவதில் வருமானம் அதிகம் என்றால் அவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அங்கே போய், பாரம்பரிய மீன்பிடியைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வது சரியாக இராது.

விடுவதா, வறுப்பதா

பயணத்தூண்டிலைப் பற்றிய பேச்சு கடைசியில் இங்கேதான் முட்டி நிற்கும். பிடித்து விடுவது உயர்ந்த பண்பாடு என்பது இன்றைய தூண்டில்காரர்களின் நம்பிக்கை. சுவிட்சர்லாந்தில் அதற்கு நேர்மாறு: தின்னும் எண்ணமே இல்லாமல், விடுவதற்காகவே மீனைப் பிடிப்பதைச் சட்டம் ஏற்பதில்லை. வெறும் விளையாட்டுக்கு வலி கொடுப்பானேன் என்ற தர்க்கம். நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு கணக்கும் சேரும். நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். நெடுநேரம் இழுத்துக் களைக்க வைத்து, சுடும் பாறையில் கிடத்தி, நான்கு கோணத்தில் படம் எடுத்த பிறகு விடும் மீன் நீந்திப் போவது போலத் தெரியும். பிறகு பிழைத்ததா என்று பார்க்க அவர் அங்கே இருக்கமாட்டார். எதிர்முள் இல்லாத தூண்டில்முள், ஈரக்கை, நீருக்குள்ளேயே வைத்துக் கழற்றுவது ஆகிய மூன்றையும் செய்யாதவர் விட்டேன் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை.

எல்லா மீனுக்கும் ஒரே நியாயம் பேச முடியாது. முட்டுக்காட்டிலும் பழவேற்காட்டிலும் எல்லோரும் தேடுவது கொடுவா. கொடுவா ஆணாக முதிர்ந்து, பெருத்த பிறகு பெண்ணாக மாறும் மீன். ஆகவே படம் எடுக்கத் தோதான அந்தப் பெரிய கொடுவா அநேகமாக முட்டைக்காரி. அதை விட்டுவிட்டு நடுத்தர அளவில் ஒன்றை எடுத்துக்கொள்வது கழிமுகத்துக்கும் நல்லது, குழம்புக்கும் நல்லது. திமில் மகசீரில் பேச்சுக்கே இடமில்லை. தவறிச் சிக்கினாலும் நீருக்கு வெளியே எடுக்கக் கூடாது. நீலகிரி ட்ரவுட் துரைமார் விட்ட மீன், அளவு பார்த்து எடுக்கலாம். அணைகளில் நீக்கமற நிறைந்திருக்கும் ஜிலேபிக் கெண்டையோ ஆப்பிரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்டு, 1952-இல் நாட்டுக்குள் வந்து, உள்ளூர்க் கெண்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்ட மீன். மேட்டூருக்குப் போகிறவர் குத்தகையும் உரிமமும் யாருடையது என்று முதலில் விசாரித்துக்கொண்டு, அனுமதி கிடைத்தால் ஜிலேபியை எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கட்டும். கரையோரக் கடையில் கொடுத்தால் கீறி, மிளகாய்ப்பொடி தடவி, கல்லில் போட்டுத் தருவார்கள். அதை ஏன் ஆற்றில் விடவில்லை என்று எந்த உயிரியலாளரும் கேட்கப்போவதில்லை.